மைதானமா, மலைப்பாதையா, குமரகிரிப் படிக்கட்டா?

டிரெட்மில் டெஸ்ட் முடிந்து கீழே இறங்கியபோது பனியன் முழுக்க ஈரம். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "இதயத்துல கோளாறு எதுவும் தெரியல. ஆனா 46 வயசுக்கு 7 மெட் கம்மிதான். உட்கார்ந்தே வேலையா?" என்றார். ஆமாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்திருப்பது. போதாக்குறைக்கு ஆடி மாதம் கால் பிசகி மூன்று வாரம் படுக்கை வேறு.

இது நடந்தது ஐப்பசியில். அதே வாரம் மச்சினன் வந்து, "மாமா, மாசியில வெள்ளியங்கிரி போறோம், உங்க பேரையும் சேர்த்துட்டேன்" என்றான். ஏழு மலை ஏற வேண்டும். அங்கே பாதி வழியில் மூச்சுத் திணறி விழுந்தவர்கள் செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. கையில் இருந்தது நாலு மாதம். தம் ஏற்ற என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சைக்கிளில் ஏற்காடு ஏறு என்றான் மச்சினன். ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா, ஒரு மாதம் அங்கே வந்து தங்கச் சொன்னார். பட்டறை முதலாளிக்கு ஜிம்மில் நம்பிக்கை. நான் மனதில் வைத்திருந்தது காந்தி மைதானத்தில் காலை நடை. கடைசியில் நான் தேர்ந்தெடுத்ததை இதில் யாருமே சொல்லவில்லை.

முதலில் இந்த மெட் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு சுமார் 3.5 மில்லி ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. அதுதான் 1 மெட். எனக்கு 7 என்றால், உயிரைக் கொடுத்து ஓடினாலும் உட்கார்ந்திருப்பதைப் போல் ஏழு மடங்குதான் என்னால் எடுக்க முடியும், கிலோவுக்கு 24.5 மில்லி. இதுதான் என் கொள்ளளவு. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது இந்த எண்ணை ஏற்ற வேண்டும்.

தம் என்றாலே நுரையீரல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் ஊதுகுழல் ஊதி வெள்ளி பற்றவைத்தவர். இன்றைக்கும் பலூன் ஊதச் சொன்னால் ஒரே மூச்சில் ஊதிவிடுவார். ஆனால் மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல உடம்புள்ள ஆளுக்கு நுரையீரல் பெரும்பாலும் தடையே இல்லை. அது தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கிறது. இழுத்த ஆக்சிஜனைக் கால் தசை வரை கொண்டு சேர்க்கிற இடத்தில்தான் நெரிசல். சும்மா இருக்கையில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் போல ரத்தம் இறைக்கிறது. பயிற்சி இல்லாத ஆளுக்கு உச்சத்தில் 20 லிட்டர். நெடுந்தூர ஓட்ட வீரர்களுக்கு 35 லிட்டரைத் தாண்டும். ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது, தசை அதை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்கிற மூன்றும்தான் பெரும்பாலும் கொள்ளளவைத் தீர்மானிக்கின்றன.

இதில் நம் கையில் இல்லாதவையும் உண்டு. வயசு ஒன்று. உட்கார்ந்தே இருப்பவருக்கு முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து குறைகிறது. விடாமல் உடம்பை வளைப்பவருக்கு அதில் பாதி போல. இன்னொன்று பிறப்பு. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹெரிடேஜ் என்ற பெயரில் குடும்பம் குடும்பமாக ஆட்களை 20 வாரம் ஒரே மாதிரி பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் கொள்ளளவு சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லி ஏறியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் ஏற, சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறவில்லை. அந்த வித்தியாசத்தில் பாதி போல குடும்பத்தோடு ஒட்டி வந்தது. எனக்கு இது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது, எங்கள் அப்பா திண்ணையை விட்டு எழுந்ததே கிடையாது. அப்புறம் தெரிந்தது, ஏறாதவர்களுக்கும் வாரத்தில் பயிற்சி நாட்களைக் கூட்டினால் ஏறத்தான் செய்கிறது என்று இன்னொரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

படுக்கையில் கிடந்த மூன்று வாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966இல் டல்லாஸில் இருபது வயசுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். கொள்ளளவு கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தால், முப்பது வருஷ மூப்பு குறைத்தது அந்த மூன்று வாரம் குறைத்ததை விடக் கம்மி. ஆடி மாதப் படுக்கை எனக்கு என்ன செய்திருக்கும் என்று இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஒரு நல்ல சேதியும் அதில் இருந்தது. படுத்ததால் போனது, பயிற்சியில் திரும்பி வந்துவிட்டது.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

ஜிம்மை இரண்டு வரியில் முடித்துவிடலாம். டிரெட்மில்லில் சரிவு வைத்து நடந்தால் உடம்புக்கு அது மலைதான், குறை ஒன்றும் இல்லை. நான் போக மாட்டேன் என்பதுதான் பிரச்சினை. பத்து மணி நேரம் நான்கு சுவருக்குள் இருந்துவிட்டு மறுபடி ஒரு சுவரைப் பார்த்து நடக்க எனக்கு மனசில்லை.

சித்தப்பா சொன்ன ஏற்காட்டு வாசத்தைத்தான் ரொம்ப யோசித்தேன். அவர் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "இங்க வந்து ஒரு மாசம் இரு கண்ணு. மலைக்காத்துக்குத் தானா தம் ஏறும்" என்றார். பெரிய ஓட்டக்காரர்கள் மலை உச்சியில் போய்த் தங்குகிறார்களே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் உயரத்தைப் பார்க்க வேண்டும். மேலே காற்று மெலிந்தால் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும். ஓட்டக்காரர்கள் தேடிப்போவது இதைத்தான். அது உருப்படியாக நடக்க 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். மேலே தங்கி, கீழே இறங்கிப் பயிற்சி செய்வது என்ற முறையை 1997இல் சோதித்துக் காட்டியவர்கள் தங்க வைத்தது 2,500 மீட்டரில், ஓட வைத்தது 1,250 மீட்டரில். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலம் 280 போல. ஏற்காட்டில் காற்றழுத்தம் நம் ஊரை விட ஏழில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவுக்கெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவது பெரிதாகக் குறைவதில்லை. அதாவது ஏற்காடு, ஓட்டக்காரர்கள் ஓடுகிற உயரத்துக்கு அருகில் இருக்கிறதே தவிர, தங்குகிற உயரத்துக்கு எட்டவில்லை.

அப்படியானால் சித்தப்பாவுக்கு மட்டும் தம் எங்கிருந்து வந்தது? போன தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். அவருக்கு 68 வயசு. கடைத்தெருவில் பத்துக் கிலோ அரிசியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிப் பக்கமிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் குடமிளகாய் விலையைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே வருகிறார். பின்னால் வெறும் கையோடு நான், "ம்", "ம்" என்று மட்டும். அந்த மேட்டைத் தினம் இரண்டு வேளை, நாற்பது வருஷமாக ஏறியிருக்கிறார். காற்றுக்கு இதில் பங்கு கம்மி. மேடு கொடுத்த தம் அது. ஏற்காட்டுக் குளிர் ஒரு விதத்தில் உதவும். வெயிலில் இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் தசைக்குப் போவது குறைகிறது, அதே வேகத்துக்கு நாடி கூடுதலாக அடிக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலாக இருந்தால் இதற்காகவே மேலே போயிருப்பேன். ஆனால் நம் பேச்சு கார்த்திகை, மார்கழி, தை பற்றியது. விடியற்காலையில் சேலமே குளுகுளு என்றுதான் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மேட்டைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்?

மச்சினன் சொன்ன சைக்கிள் வழியில் ஒரு கணக்கு இடித்தது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் 20 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். நூறு மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர் ஏறுகிற சரிவு என்று வைத்துக்கொள்வோம். என் எடை 78 கிலோ, சைக்கிள் 15 கிலோ. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே 6.9 மெட் வேண்டியிருக்கிறது. என் மொத்தக் கொள்ளளவே 7. அதற்குக் கீழே வேகம் போனால் சைக்கிள் ஆடும். மச்சினனுக்கு 29 வயசு, 60 கிலோ, அவன் ஏறுவான். நான் அவன் சைக்கிளை வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டாவது வளைவுப் பலகைக்கு முன்னாடியே இறங்கி உருட்ட ஆரம்பித்துவிட்டேன். பலகையடியில் உட்கார்ந்திருந்த குரங்கு என் கையில் பொட்டலம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் அந்தப் பாதையில் கார்கள் வரிசை கட்டும். இறங்கும்போது பிரேக்கை நம்பி வர வேண்டும். மழை நாளில் மண் சரிவு வேறு. சைக்கிள் நல்ல வழிதான், 9 மெட்டைத் தாண்டியவர்களுக்கு.

நடையில் கணக்கு வேறு மாதிரி வருகிறது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் 3.4 மெட். அதே வேகத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் நடந்தால் 5.7. மைதானத்தில் நான் பாதிக் கொள்ளளவில் கதை பேசிக்கொண்டு நடக்கிறேன்; மலைப்பாதையில் அதே கால்கள், அதே வேகம், ஆனால் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் செலவாகிறது. காந்தி மைதானத்தில் எத்தனையோ வருஷமாக நடக்கிற சிலருக்குத் தொந்தியும் தம்மும் அப்படியே இருப்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்த நடை நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொள்ளளவு ஏற வேண்டும் என்றால் இதயம் அவ்வப்போது உச்சத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாக வேண்டும்.

அதற்கு மைதானத்திலேயே ஒரு முறை இருக்கிறது. நார்வேக்காரர்கள் பரப்பியது. உச்ச நாடியில் நூற்றுக்கு 90 முதல் 95 வரை வரும்படி 4 நிமிடம், பிறகு 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. உச்ச நாடியைத் தெரிந்துகொள்ள, வயசை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு 176 வருகிறது. அப்படியானால் நாடி 158க்கும் 167க்கும் நடுவில் நிற்க வேண்டும். இது சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்து முன்னே பின்னே இருக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண் பொருந்தவே பொருந்தாது. வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரத்தில் நூற்றுக்கு ஏழு போல ஏறியதாக 2007இல் எழுதியிருக்கிறார்கள், அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பையன்களுக்கு. என்னைப் போன்ற நாற்காலி ஆளுக்கு இன்னும் கூடவே ஏற இடமிருக்கிறது.

மைதானத்தின் பெரிய வசதி, முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்கலாம். சுற்றிலும் ஆள் இருப்பார்கள், ஆட்டோ கிடைக்கும். 400 மீட்டர் ஓடுதளம் என்பதால் அளவு பார்க்கவும் சுலபம். குறை என்னவென்றால் வெள்ளியங்கிரி சமதளம் இல்லை. நூறு அடிக்கு இருபது அடி ஏறுகிற பாதையில் மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே 7.6 மெட் கேட்கும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அந்த வேலை பழகியிருக்க வேண்டும். எந்த அசைவில் பயிற்சி செய்கிறோமோ அந்த அசைவில்தான் முழுப் பலன்.

இங்கேதான் குமரகிரி வந்தது. அம்மாப்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போனவன், கோயில் படியில் சாக்கு மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். தண்டாயுதபாணி கோயில் கடைக்குத் தேங்காய் கொண்டுபோகிறாராம். நடுவில் நிற்கவே இல்லை. நானும் பின்னாலேயே ஏறினேன். ஏழங்குலப் படி ஒன்றை வினாடிக்கு ஒன்று வீதம் ஏறினால் 7 மெட் ஆகிவிடும். என் உச்சம் சரியாக அங்கேதான் இருக்கிறது. நாலு நிமிடம் ஏறுவது, இறங்குகிற நேரம் ஓய்வு. நார்வேக்காரன் சொன்னது அப்படியே முருகன் கோயில் படியில் கிடக்கிறது. ஏறுகிற அசைவும் வெள்ளியங்கிரிக்குப் பக்கம். வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம்.

படிக்கட்டின் தொல்லை முழங்கால். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வாங்கும். முதல் வாரம் மூன்று நாள் போய்விட்டு நாலாம் நாள் கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் படி, ஒரு நாள் மைதானத்தில் நாலு நிமிடக் கணக்கு, ஞாயிறு விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேர நடை, திரும்பப் பஸ் என்று வைத்துக்கொண்டேன். கார்கள் வருவதற்குள் ஐந்தாறு வளைவு தாண்டிவிடலாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மைதானத்தைச் சொல்வேன். முழங்கால் நன்றாக இருந்து மலை ஏறுவதுதான் குறி என்றால் படிக்கட்டு.

இந்தக் கணக்கெல்லாம் என் மனைவிக்குப் பொருந்தவில்லை. அவளுக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நானும் வருகிறேன் என்றாள். டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமந்து போவது சுமார் 1.34 மில்லி ஆக்சிஜன். 13.5 இருக்கிற ரத்தம் 100 மில்லிக்கு 18 மில்லி சுமந்தால் அவள் ரத்தம் சுமப்பது 12.6. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அங்கேயே போய்விடுகிறது. மைதானம், மலை, படி எல்லாம் அவளுக்கு அப்புறம்தான். முதலில் இரும்புச் சத்து மாத்திரை, எதனால் குறைந்தது என்ற சோதனை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தச் சோகை இருக்கிறது என்பது அரசின் சுகாதாரக் கணக்கெடுப்பிலேயே வந்த செய்தி. சித்தப்பா அனுப்பும் காபியைச் சாப்பாட்டோடு குடிக்கிற பழக்கத்தையும் விடச் சொன்னார்கள், அது இரும்பைச் சேர விடாது. இதில்தான் அவளுக்கு வருத்தம்.

புகை பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைப் போல இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தம் அடித்தால் தம் போகும் என்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுப் பற்றவைத்தார்கள்.

எடையையும் மறக்கக் கூடாது. கொள்ளளவைக் கிலோவால் வகுக்கிறோம் அல்லவா? என் இதயம் ஒரு சொட்டும் கூடுதலாக இறைக்காமல், 78 கிலோ 72 ஆனாலே 7 மெட் என்பது 7.6 ஆகிவிடும். மலையில் தூக்கிக்கொண்டு போவது அந்த ஆறு கிலோவையும்தான். சாயங்காலத் தட்டுவடை செட்டை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தேன். சேலத்துக்காரனுக்கு இதை விடப் பெரிய தியாகம் கிடையாது.

பலனைப் பார்க்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை டாக்டர் 1968இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடி நடந்து கடக்கிறோம் என்று பார்த்து, அதில் 504.9 கழித்து, 44.73ஆல் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை மில்லி என்று வந்துவிடும். நெஞ்சுவலி, சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஐப்பசியில் சரியாக நாலு சுற்று, 1,600 மீட்டர்; 24.5 வந்தது, டிரெட்மில் சொன்ன அதே எண். 14 வாரம் கழித்துப் போன வாரம் ஓடினேன். 1,780 மீட்டர். 28.5, அதாவது 8 மெட்டுக்குச் சற்று மேல். எடை 75.

வெள்ளியங்கிரிப் பாதையில் 3 கிலோமீட்டர் வேகத்துக்கு 7.6 கேட்கிறது என்றேன். 8 இருக்கிறதே என்று அந்த வேகத்தில் போனால் இரண்டாவது மலையிலேயே உட்கார வேண்டியதுதான். மணிக்கணக்கில் ஏற வேண்டுமானால் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 2 கிலோமீட்டர் வேகம் என்றால் 5.4, அது சரிப்படும். மச்சினனிடம் போனில் சொன்னேன், நான் வருகிறேன், ஆனால் உங்கள் கூட்டத்தோடு இல்லை, இரண்டு மணி நேரம் முன்னாடியே ஏற ஆரம்பித்துவிடுவேன் என்று. "தனியாவா மாமா?" என்றான். சித்தப்பாவும் வருகிறார்.